நீங்கள் கேட்டவை: காட்டுக்குள் காது புதைத்த கதை

போன இதழில், பின்லாந்தின் வடக்கே லாப்லாந்துக் காட்டில் நான்கு நாட்டு ஆட்களோடு சேர்ந்து மூன்று வாரம் நில அதிர்வுமானி புதைத்துவிட்டு வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நான் விஞ்ஞானி இல்லை, ஆய்வுக்கூடத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் தொழில்நுட்பர் என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. பாதிப் பேர் குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், மீதிப் பேர் சாப்பாட்டைப் பற்றி. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை, ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கே: சிங்கப்பூரில் நிலநடுக்கம் கிடையாது. பின்லாந்திலும் சொல்லும்படி கிடையாது. நிலநடுக்கம் இல்லாத ஊரிலிருந்து நிலநடுக்கம் இல்லாத ஊருக்கு நிலநடுக்கக் கருவியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்களே அம்மா, இது என்ன கணக்கு?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தோ பாயோ

ப: ஐயா, சாங்கிக்குக் கிளம்பும்போது என் அம்மாவும் இதையேதான் கேட்டார், நீங்கள் இன்னும் அழகாகக் கேட்டிருக்கிறீர்கள்.

நடுக்கம் வருகிற இடத்தை ஆராய்வது ஒரு வேலை. நாங்கள் போனது வேறு வேலைக்கு. காலுக்குக் கீழே ஐம்பது, நூறு, முந்நூறு கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அவ்வளவு ஆழத்துக்கு வெளிச்சம் போகாது, ஆனால் அதிர்வு போகும். உலகத்தில் எங்கோ பெரிய நடுக்கம் வந்தால் அந்த அலை பூமியின் வயிற்றுக்குள் புகுந்து, சூடான பாறையில் கொஞ்சம் மெதுவாகவும் குளிர்ந்த பாறையில் கொஞ்சம் வேகமாகவும் ஓடி, இன்னொரு மூலையில் கீழிருந்து மேலே வந்து முட்டும். எந்தக் கருவிக்கு அரை விநாடி முந்தி வந்தது, எதற்குப் பிந்தி வந்தது என்று பல இடங்களில் குறித்து வைத்துக்கொண்டால், மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கிற மாதிரி உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டு வரைந்துவிடலாம். ஸ்கேன் எடுக்கும்போது ஆள் அசையாமல் படுத்திருக்கவேண்டும் இல்லையா, அதனால்தான் அசையாத ஊராகத் தேடிப் போவது.

அந்தப் படத்துக்கு வெளிச்சம் தருகிற விளக்கு, அதாவது அந்தப் பெரிய நடுக்கம், எங்கே இருக்கிறது என்று கேட்டால், பல நேரம் நம் பக்கத்து வீட்டில்தான். 2007 செப்டம்பர் 12ஆம் தேதி மாலை ஏழு மணியைத் தாண்டிச் சில நிமிடத்தில் சுமத்ராவின் பெங்குலு கரையோரம் 8.4 அளவில் நடுக்கம் வந்தது, இங்கே உயரமான புளோக்குகளில் இருந்தவர்கள் கீழே இறங்கி நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். அதே நடுக்கத்தின் முதல் அலை ஏறத்தாழ 9,800 கி.மீ. தள்ளி இருக்கும் லாப்லாந்துக்குப் போய்ச் சேர பதின்மூன்று நிமிடம்தான் ஆகும். நீங்கள் கீழே நின்று பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே அது அந்தக் காட்டுக்கு அடியில் போய் நின்றிருக்கும். அப்போது அங்கே லாப்நெட் என்ற தற்காலிக வலையமைப்பு இருந்தது. துருவப் பகுதிகளை உலக நாடுகள் சேர்ந்து ஆராய்ந்த சர்வதேசத் துருவ ஆண்டை ஒட்டிப் பல நாட்டார் சேர்ந்து 2007 முதல் 2009 வரை நடத்தியது அது.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் இருக்கிறது. நடுக்கம் வந்த இடத்திலிருந்து பூமியின் வளைவில் 100 டிகிரிக்கும் மேலே தள்ளிப் போய்விட்டால், நடுவில் இருக்கும் உருகிய இரும்புக் கரு குறுக்கே வந்து நேர் அலையை மறைத்துவிடும், அங்கே நிழல் விழும். சுமத்ராவுக்கும் லாப்லாந்துக்கும் இடையே 85, 88 டிகிரி. நிழலுக்குச் சற்று முன்னால் நிற்கிற ஊர் அது. நம் பக்கத்து நடுக்கத்தை வைத்து அவர்கள் தங்கள் நிலத்தைப் படம் எடுக்கிறார்கள், அதற்குக் கருவி புதைக்க நம் ஊர் ஆள் போவதில் என்ன தப்பு?

அப்புறம், பின்லாந்துப் பக்கம் நடுக்கம் இல்லை என்பது இப்போதைய நிலவரம். பனியுகத்தில் அந்த நிலத்தின் மேல் மூன்று கி.மீ. கனத்துக்குப் பனிப்பாளம் உட்கார்ந்திருந்தது. அது உருகி முடிகிற காலத்தில், ஏறத்தாழ பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால், பாரம் இறங்கிய நிலம் வெடித்துப் பிளந்திருக்கிறது. பக்கத்தில் வட ஸ்வீடனில் பேர்வி என்ற பிளவு 150 கி.மீ.க்கும் நீளம், அது 8 அளவு நடுக்கத்தில் உண்டானது என்று கணக்கிடுகிறார்கள். பாரம் இறங்கிய நிலம் இன்னும் மேலே எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது, போத்னியா வளைகுடாக் கரையில் வருடத்துக்கு ஒன்பது மில்லிமீட்டர் போல. நாம் மண் கொட்டிக் கடலை நிரப்பி நிலம் சேர்க்கிறோம், அவர்களுக்குச் சும்மாவே வருகிறது.

கே: ஆன்ட்டி, எதுக்கு அலையை வச்சு கண்டுபிடிக்கணும்? நேரா ஒரு பெரிய ஓட்டை போட்டு உள்ளே எட்டிப் பார்க்கலாமே?
- தொடக்கநிலை 5 மாணவர், செங்காங்

ப: போட்டுப் பார்த்தார்கள் தம்பி. நாங்கள் போன காட்டுக்குக் கிழக்கே, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், 1970இல் தோண்ட ஆரம்பித்து ஏறத்தாழ இருபது வருடம் தோண்டினார்கள். 12,262 மீட்டர் வரை போனார்கள். அங்கே 180 டிகிரி சூடு, பாறை களிமண் மாதிரி இளகித் துளையை மூடிக்கொண்டு வந்தது, நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் பூமியின் மேலோடு மட்டுமே 40 கி.மீ. கனம். அப்படியானால் அவர்கள் மேலோட்டில் எத்தனை பங்கு தோண்டினார்கள்? கணக்குப் போட்டு வீட்டில் சொல்.

கே: ஒரு கருவியை வைப்பது என்றால் என்னென்ன செய்யவேண்டும்? ஒரு குழி தோண்டி உள்ளே வைத்து மூடிவிட்டால் முடிந்ததா, இல்லை வேறு ஏதும் இருக்கிறதா? கட்டுமானத் துறையில் வேலை செய்கிறேன், அதனால் கேட்கிறேன் அக்கா.
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

ப: தம்பி, உங்களுக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் முக்கால்வாசி உங்கள் வேலைதான். கடப்பாரை, மண்வெட்டி, ரசமட்டம், சிமெண்ட். கருவிக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி, அதைக் காப்பாற்றுவது ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் கொஞ்சம் தெர்மாக்கோலும்.

முதலில் இடம். வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள், அங்கே போய்ப் பார்த்தால் சதுப்பாக இருக்கும். பின்லாந்தில் வடக்கே எங்கு பார்த்தாலும் சதுப்பு, மேலே பாசி பஞ்சு மாதிரி, காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். சதுப்பில் கருவி வைத்தால் தட்டில் கேசரி வைத்த கதைதான், தொட்டால் ஆடும். பாறை தலைநீட்டும் மேடாகத் தேடவேண்டும். அந்த ஊரில் பனிப்பாளம் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டதால் சில இடத்தில் ஒரு முழம் தோண்டினாலே இருநூற்றைம்பது கோடி வருடத்துக் கருங்கல் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் குழுவில் எல்லாருக்கும் முகம் மலரும். பாறை கிடைத்தாலும் பக்கத்தில் உயரமான பைன் மரம் இருக்கக் கூடாது, காற்று மரத்தை ஆட்டும், மரம் வேரை ஆட்டும், வேர் மண்ணை ஆட்டும். சாலை கூடாது, ஆறு கூடாது, மரம் வெட்டுகிற வண்டிப் பாதை கூடாது. இப்படிக் கூடாது கூடாது என்று கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுகிற இடத்துக்கு நாம்தான் முதுகில் சுமந்துகொண்டு நடக்கவேண்டியிருக்கும்.

பிறகு குழி. எங்களுடையது கையால் வெட்டுகிற சின்ன வேலை, நாளுக்கு இரண்டு முடிந்தால் அதிகம். அலாஸ்காவில் சில ஆண்டுகளுக்கு முன் செய்தது பெரிய வேலை, மாநிலம் முழுக்க 85 கி.மீ. இடைவெளியில் நிலையங்கள், துளைப்பானை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிப்போய் இறக்கினார்கள். எங்களுக்கு ஒரு பழைய வேனும் நான்கு சக்கர மோட்டார் பைக்கும்தான். பீப்பாயைக் குழியில் இறக்கி, அடியில் கலவை போட்டு, மட்டம் பார்த்து, காயவிட்டு, மறுநாள் கருவி. கருவி பார்க்கச் சின்ன பிரஷர் குக்கர் அளவுதான் இருக்கும், ஆனால் தரை ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அசைந்தாலும் அதற்குத் தெரியும். அதனால்தான் இத்தனை உபசாரம். குழிக்குள் வெயில் சூடு இறங்கினாலும் காற்றழுத்தம் மாறினாலும் கருவி இலேசாகச் சாயும், அந்தச் சாய்வு நடுக்கம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு பதிவில் உட்கார்ந்துவிடும். எனவே சுற்றிலும் மணல், மேலே தெர்மாக்கோல், அதற்கு மேலே மூடி, மூடிக்கு மேலே வெட்டியெடுத்த பாசியையே திரும்ப வைத்துவிடுவோம். பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது.

கடைசியாகச் செய்வதுதான் வேடிக்கை. பக்கத்தில் நின்று குதிக்கவேண்டும். ஆமாம், நாற்பத்தாறு வயதில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மூன்று தரம் குதித்தேன், ஒருவர் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு மூன்று கோடும் வந்ததா என்று சொல்வார். நான் குதித்தால் கோடு நன்றாக வருகிறது என்று போலந்துக்காரப் பையன் சொன்னான், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பீர்கள். கருவியும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து இரண்டு வாட் என்று வையுங்கள், பழைய குண்டு பல்பு இரவு விளக்குகூட அதைவிடக் கூட எடுக்கும். நாளுக்கு 48 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 25 நாள் தாங்கும். சூரியத் தகடு வைத்தால் போதாதா என்றால், வட கோடியில் உட்ஸ்யோக்கி பக்கம் நவம்பர் கடைசியிலிருந்து ஐம்பது நாள் போல சூரியனே உதிக்காது, அதற்கு முன்னும் பின்னும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஆக எழுபது, எண்பது நாள் பேட்டரியிலேயே ஓட்டவேண்டும், கடுங்குளிரில் அதன் சக்தி பாதியாகிவிடும், அப்படியானால் ஒரு இடத்துக்கு ஆறு பேட்டரி. ஒன்று முப்பது கிலோ. இதைச் சதுப்பில் இழுத்துக்கொண்டு போன அன்றைக்கு இரவு நான் யாரோடும் பேசவில்லை. தகட்டை அங்கே கூரையில் வைக்கிற மாதிரி படுக்கவைக்க மாட்டார்கள், சுவர் மாதிரி நிறுத்துவார்கள், சூரியன் தாழ இருக்கிறது என்பதோடு பனியும் தங்காமல் வழுக்கி விழும்.

கே: தவறு ஏதும் நடக்கவில்லையா? எல்லாம் சரியாக நடந்ததுபோல் எழுதியிருந்தீர்கள், நம்ப முடியவில்லை.
- வாசகி, அங் மோ கியோ

ப: நடந்தது, நான்தான் செய்தேன், போன இதழில் மறைத்துவிட்டேன்.

கருவியில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது உண்மை வடக்கைப் பார்க்கவேண்டும். சிங்கப்பூரில் காம்பஸ் காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, தேசிய சேவையில் வரைபடம் படித்த உங்கள் வீட்டுப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. லாப்லாந்தில் இரண்டுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம், கழித்துக் கணக்குப் பார்க்கவேண்டும். நான் அதை ஒழுங்காகக் கழித்தேன். ஆனால் காம்பஸைப் பிடித்திருந்த கையிலிருந்து ஒரு முழத்தில் கடப்பாரையைச் சாத்தி வைத்திருந்தேன். இரும்பு, கேட்கவா வேண்டும்.

அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்து ஒரு தூரத்து நடுக்கம் பதிவானபோது, ஜெர்மன் மாணவி எல்லாக் கருவியிலும் அலை வந்த திசையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஒன்று மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். நடுக்கம் எங்கே வந்தது என்பது தெரியும், அலை எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்பதும் தெரியும், ஆகவே கருவி எத்தனை டிகிரி கோணல் என்பதைக் கணக்கிலேயே பிடித்துத் திருத்திவிடலாம். பாதகமில்லை. ஆனாலும் அந்தக் குழியை நான் மறுபடி போய்த் திறந்தேன், போக வர ஒரு நாள். வேறு யாரும் வரவேண்டாம் என்று சொல்லியும் பின்லாந்துக்காரர் ஒருவர் கூட வந்தார், வழி முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊரில் பேசாமல் இருப்பது மரியாதை என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

கே: அங்கே காடு யாருக்குச் சொந்தம்? அரசாங்கம் அனுமதி கொடுத்தால் போதுமா?
- வழக்கறிஞர் அலுவலக ஊழியர், பொங்கோல்

ப: சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஒரு திட்டம் கெட்டுப்போவதானால் இங்கேதான் கெடும், கருவியில் இல்லை.

பின்லாந்தில் யார் வேண்டுமானாலும் யாருடைய காட்டிலும் நடக்கலாம், பெர்ரிப் பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம், காலங்காலமாக வந்த உரிமை. ஆனால் ஒரு குழி வெட்டவேண்டும் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்கவேண்டும். அரசு நிலத்தில் அதற்கான துறை, தனியார் நிலத்தில் அந்தக் குடும்பம். இதற்கு மேலே ரெயின்டீர் வளர்ப்பவர்கள். காட்டில் திரிகிற துருவ மான் அத்தனைக்கும் சொந்தக்காரர் உண்டு, காதில் வெட்டுக்குறி இருக்கும். சட்டப்படி அவர்களைக் கேட்காமல்கூடச் சில இடத்தில் வைத்துவிடலாம், ஆனால் இலையுதிர்காலத்தில் மந்தையைச் சேர்த்து ஓட்டிக்கொண்டு வருகிற பட்டிக்குப் பக்கத்தில் நாம் தெரியாமல் கருவி வைத்தால் பதிவு முழுக்க குளம்புச் சத்தம்தான். அவர்களுக்கும் மிரண்ட மந்தை நஷ்டம். வரைபடத்தில் நாங்கள் வைத்திருந்த புள்ளிகளில் சிலவற்றை ஒரு வளர்ப்பாளர் சமையல் மேசையில் உட்கார்ந்து பென்சிலால் நகர்த்தினார், ஒவ்வொன்றும் நல்ல பாறையில் போய் உட்கார்ந்தது. ஐம்பது வருடம் நடந்த கால் அது.

ஒன்று மட்டும் கேட்கக் கூடாது, உங்களிடம் எத்தனை மான் இருக்கிறது என்று. வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம். எனக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். இல்லாவிட்டால் நம் ஊர் வழக்கப்படி முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கே: அக்கா, சைவமா நீங்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? கழிப்பறை வசதி? தப்பாக நினைக்கவேண்டாம்.
- ஈசூன், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் வாசகிகள் பலர்

ப: தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, நான் போவதற்கு முன்னால் கேட்டதும் இதைத்தான். சைவம். தேக்காவில் பருப்புப்பொடி, ரசப்பொடி, அவல், ஊறுகாய் வாங்கிப்போனேன், அங்கே உருளைக்கிழங்கும் ரை தானிய ரொட்டியும் தாராளம். குளிரில் சூடாக ரசம் வைத்தால் குழு முழுக்க கோப்பையை நீட்டியது. மற்றதற்கு ஒரு சின்ன மண்வெட்டி, ஒரு மரம். தங்குமிடத்தில் வெளிக் கழிப்பறை, குளிப்பதற்கு சௌனா என்ற வெந்நீராவி அறை. முதல் நாள் கூச்சமாக இருந்தது, அங்கே பெண்கள் தனியாகப் போவார்கள், மூன்றாம் நாள் யார் முதலில் போவது என்று சண்டை போட்டேன்.

செப்டம்பர் என்பதால் கொசு ஓய்ந்திருந்தது, ஜூலையில் போனவர்கள் சொல்கிற கதையைக் கேட்டால் நம் புலாவ் உபின் கொசு சாது. குளிரும் அவ்வளவாக இல்லை. அந்தப் பகுதியில் 1999 ஜனவரியில் மைனஸ் 51.5 டிகிரி பதிவாகியிருக்கிறது, அப்போது நான் இங்கே விசிறிக்கு அடியில் இருந்தேன்.

கே: 2007இல் மரீன் பரேட்டில் பதினெட்டாவது மாடியில் இருந்தோம், விளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடியது. புக்கிட் தீமாவில் இருந்த என் தங்கைக்கு எதுவுமே தெரியவில்லை, நான் கற்பனை செய்கிறேன் என்று இன்றுவரை சொல்கிறாள்.
- வாசகி, மரீன் பரேட்

ப: இந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தங்கையிடம் கொடுங்கள். 700 கி.மீ. தாண்டி வரும்போது படபடவென்று அடிக்கிற அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும், ஊஞ்சல் மாதிரி மெதுவாக அசைக்கிற அலைகள் மட்டும் வந்து சேரும். ஒரு கட்டடம் இயல்பாக ஒரு முறை ஆடி வர மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்த அளவு விநாடி என்பது தோராயக் கணக்கு, உங்களுடையது இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைய. வருகிற அலையும் அந்த வேகத்தில் இருந்தால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி ஆட்டம் சேரும். இரண்டு மாடி வீடு அசையாது. தவிர உங்கள் பக்கம் கடலை நிரப்பிய நிலம், கிழக்குக் கரையோரம் பல இடத்தில் அடியில் மென்மையான கடற்களிமண் இருக்கிறது, அது ஆட்டத்தைப் பெருக்கும். புக்கிட் தீமாவில் கருங்கல். நம் வானிலை ஆய்வகமும் அதிர்வு நிலையம் ஒன்றை அந்தப் பக்கம்தான் வைத்திருக்கிறது, நாங்கள் லாப்லாந்தில் பாறை தேடிய அதே காரணம்தான்.

என்றாலும் பாறையில் வைத்துவிட்டால் சிங்கப்பூர் அமைதியாகிவிடாது. எம்ஆர்டி, லாரி, கட்டுமானம், நாம் அறுபது லட்சம் பேருக்கு மேல் நடக்கிற நடை, எல்லாம் பதிவில் விழும். 2020இல் கொவிட் முடக்கத்தின்போது உலகம் முழுக்க மனிதர் எழுப்பும் அதிர்வு குறைந்ததை அளந்தார்கள், குறைவு அதிகமாகத் தெரிந்த ஊர்களில் நம்முடையதும் ஒன்று. சர்க்கிட் பிரேக்கர் நாட்களில் சன்னலைத் திறந்தால் குயில் கத்துவது கேட்டது இல்லையா, தரைக்கு அடியிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

கே: இவ்வளவு பேர் சேர்ந்து செய்தால் கடைசியில் பேர் யாருக்கு? தரவு யாருக்கு?
- முதுகலை மாணவர், கிளமெண்டி

ப: தரவைப் பற்றி முதலில். பொதுவாகச் சில வருடம் குழுவுக்குள் வைத்திருப்பார்கள், வேலை செய்தவர்களின் மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்க அவகாசம் வேண்டும், பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இந்தத் துறையில் அந்தப் பழக்கம் ஊறிப்போனது, ஏனென்றால் ஒரு நாட்டு நடுக்கத்தை அந்த நாட்டுக் கருவியால் மட்டும் புரிந்துகொள்ள முடியாது. டென்மார்க்கில் இருந்த இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற பெண்மணி, எங்கெங்கோ உள்ள நிலையங்களின் பதிவை வைத்துக்கொண்டு, உருகிய கருவுக்குள் இன்னொரு கெட்டியான கரு இருக்கிறது என்று 1936இல் சொன்னார்.

பேர் விஷயம் அவ்வளவு நேர்மையாக இல்லை. கட்டுரையில் கணக்குப் போட்டவர் பேர் முதலில் வரும், குழி வெட்டியவர் பேர் கடைசிப் பத்தியில் நன்றியாக வரும், புள்ளியை நகர்த்திய வளர்ப்பாளர் 'உள்ளூர் மக்கள்' ஆகிவிடுவார். எனக்கு அதில் மனக்குறை உண்டு, வேறொரு பழைய திட்டத்தில் என் பேரையே தப்பாக அச்சடித்திருந்தார்கள். இந்தத் தடவை ஜெர்மன் மாணவி ஒவ்வொரு நிலையத்துக்கும் யார் தோண்டியது, யார் வழி காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதில் எத்தனை அச்சுக்குப் போகும் என்று பார்ப்போம்.

கே: பக்கத்திலேயே இந்தோனேசியா இருக்கும்போது அவ்வளவு தூரம் ஏன்? நம் வரிப் பணம்தானே?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

ப: என் டிக்கெட்டுக்கு நம் வரிப் பணம் போகவில்லை. ஆனால் கேள்வி நியாயம். பக்கத்திலும் வேலை நடக்கிறது. சுமத்ராவின் மேற்கே மென்தாவாய்த் தீவுகளில் 2002இலிருந்து ஜிபிஎஸ் நிலையங்கள் இருக்கின்றன, தீவு வருடத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்று அளக்க. கெர்ரி சீ என்ற அமெரிக்கர் இந்தோனேசிய ஆய்வாளர்களோடு தொடங்கியது, பிறகு அவர் இங்கே வந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பூமி ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார், வலையமைப்பும் கூடவே வந்தது. அதே குழுவினர் பவளப் பாறையை அறுத்துப் பார்த்து, கடந்த எழுநூறு வருடத்தில் தீவு எப்போதெல்லாம் எழும்பியது, அமிழ்ந்தது என்றும் படித்திருக்கிறார்கள். பவளம் கடல் மட்டத்துக்கு மேலே வளராது, அதனால் அதன் வளையமே ஒரு பதிவேடு. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், குழி வேண்டாம். எனக்கு அதைப் பார்த்தால் பொறாமை.

கே: துருவ ஒளி பார்த்தீர்களா?
- பலர்

ப: இரண்டு இரவு. பச்சை. கருவிக்கும் தெரியும், அந்த ஒளியோடு வருகிற காந்தப்புயல் அடித்தால் நுணுக்கமான அதிர்வுமானிகளின் பதிவில் அது சலனமாக விழும், புதியவர்கள் நடுக்கம் என்று நினைத்து ஏமாறுவார்கள். அதேபோல் கடுங்குளிரில் ஈரமண் சட்டென்று உறைந்து வெடிக்கும்போதும் வெடிகுண்டு மாதிரி சத்தமும் உள்ளூர் அதிர்வும் வரும், உறைபனி நடுக்கம் என்கிறார்கள். ஜனவரியில் என் குழிகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.

கே: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறாள். இந்த மாதிரி வேலைக்குப் போகமுடியுமா?
- வாசகர், சுவா சூ காங்

ப: முடியும், அப்படித்தான் நான் வந்தேன். சாலிடரிங் சுத்தமாக வரவேண்டும், முப்பது கிலோ தூக்க வரவேண்டும், வரைபடம் படிக்கத் தெரியவேண்டும். ஒரு கேபிளை உறையுள்ள கையால் மாட்டப் பழகச் சொல்லுங்கள். மற்றது அங்கே போனால் வரும்.

கே: மறுபடியும் போவீர்களா?
- தோ பாயோ ஆசிரியர், இன்னொரு கடிதத்தில்

ப: போயாகவேண்டும் ஐயா, வைத்ததை எடுக்கவேண்டுமே. இரண்டாம் கோடையில் தோண்டி எடுத்து, குழியை மூடி, பாசியைப் பரப்பிவிட்டு வரவேண்டும் என்று நிலத்துக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடப்பாரைக் குழி இருக்கிற காட்டுக்குச் சொந்தக்காரர் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எங்களுக்குக் கோப்பி கொடுத்தார், நான் கூச்சத்தில் பையில் இருந்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலை நீட்டிவிட்டேன், ஒரு கரண்டி எடுத்து ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்த்த பையன் சிரித்துக்கொண்டே, குழி வேண்டுமானால் இன்னும் இரண்டு வெட்டிக்கொள்ளலாமாம், ஆனால் அடுத்த தடவை இதைவிடப் பெரிய பாட்டிலாகக் கொண்டுவரவேண்டுமாம் என்றான்.